வெள்ளத்துக்கும் வட்டியா?

ஒருவன் இன்னொருவனை அடித்துக் கையை முறித்து விடுகிறான். பிறகு அவனே பெரிய மனசு பண்ணி, ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் தருகிறேன் என்று முன்வருகிறான். ஆனால் பணத்தைக் கொடுப்பதற்கு முன் புரோநோட்டு எழுதி வாங்கிக் கொள்கிறான்! எந்த ஊர்ப் பஞ்சாயத்திலாவது இப்படி ஒரு தீர்ப்பு சொன்னால், சொன்னவர்களை ஜனங்கள் சும்மா விடுவார்களா?

உலக மகாநாடுகளில் இந்தத் தீர்ப்புதான் வருஷா வருஷம் சொல்லப்பட்டு வருகிறது. அதற்குப் "பருவநிலை நிதி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏழை நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் உதவி செய்கின்றன என்று பத்திரிகைகளும் எழுதுகின்றன. இந்த உதவி எப்படிப்பட்டது என்பதை நம் அண்டை நாடான பாகிஸ்தானின் அனுபவத்தைக் கொண்டு பார்ப்போம். அந்த நாட்டைப் பற்றி நம் பெரிய பத்திரிகைகள் எழுதுவதெல்லாம் எல்லைச் சண்டையும் கிரிக்கெட்டும்தான். அங்கேயும் உழுது பிழைக்கிற ஜனங்கள் இருக்கிறார்கள் என்பது பலருக்கு நினைவிலேயே இல்லை.

2022ம் ஆண்டு ஜூன் மாதம் அங்கே மழை பிடித்தது. ஆகஸ்டில் சிந்து மாகாணத்தில் பெய்தது வழக்கமான மழையைப் போல எட்டு மடங்கு. சிந்துவின் தரை தட்டையானது. வந்த தண்ணீர் வடிய வழியில்லை. தாது, ஜேகோபாபாத், கைர்பூர் ஜில்லாக்களில் பருத்தியும் நெல்லும் பேரீச்சந் தோப்புகளும் முழுகின. நாட்டிலேயே பெரிய நன்னீர் ஏரியான மஞ்சர் ஏரி உடையும் நிலைக்கு வந்தபோது, பட்டணங்களைக் காப்பாற்றுவதற்காக அதிகாரிகளே செப்டம்பர் மாதம் கரையை வெட்டி விட்டார்கள். அந்தத் தண்ணீர் போய்ப் பாய்ந்தது கிராமங்களின் மேல். ஒரு லட்சம் பேர் வரை வீடு வாசலை விட்டு ஓட வேண்டியதாயிற்று. நாடு முழுவதும் 3 கோடி 30 லட்சம் ஜனங்கள் பாதிக்கப்பட்டார்கள். 1,700 பேருக்கு மேல் மாண்டார்கள். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் இடிந்தோ சேதமடைந்தோ போயின. பல இடங்களில் மாதக் கணக்கில் தண்ணீர் வடியவில்லை. கார்த்திகையில் கோதுமை விதைக்க வேண்டிய நிலம் குளமாகவே கிடந்தது.

சேதத்தையும் நஷ்டத்தையும் பாகிஸ்தான் சர்க்கார், ஐ.நா., உலக பாங்கி முதலியவர்கள் சேர்ந்து கணக்கெடுத்தார்கள். 3,000 கோடி டாலருக்கு மேல் என்றது அந்தக் கணக்கு. இன்னும் 80, 90 லட்சம் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே தள்ளப்படுவார்கள் என்றும் அதுவே சொல்லிற்று.

இந்த மழைக்கு யார் பொறுப்பு? இயற்கையின் சீற்றம் என்று சொல்லி விட்டுப் போய்விடலாமா? விஞ்ஞானிகள் அப்படிச் சொல்லவில்லை. பூமி சூடேறியிராவிட்டால் சிந்துவிலும் பலூசிஸ்தானிலும் அந்த ஐந்து நாள் மழை இவ்வளவு கடுமையாக இருந்திருக்காது, அதன் வேகத்தைச் சூடேற்றம் ஐம்பது சதவிகிதம் வரை கூட்டியிருக்கலாம் என்று அவர்கள் ஆராய்ந்து சொன்னார்கள். பூமியைச் சூடேற்றியது யார்? யந்திரத் தொழில் தோன்றிய நாளிலிருந்து உலகம் கக்கிய கரியமில வாயுவில் சுமார் கால் பங்கு அமெரிக்கா ஒன்றினுடையது. ஐரோப்பிய முதலாளித்துவ நாடுகளின் பங்கு அதற்கு அடுத்தபடி. பாகிஸ்தான் இன்று விடுகிற வாயு உலக மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

அதே 2022ம் ஆண்டில் எக்ஸான்மோபில் என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியின் லாபம் சுமார் 5,570 கோடி டாலர். ஷெல் கம்பெனியின் லாபம் சுமார் 4,000 கோடி டாலர். சிந்துவில் குடிசை முழுகிய வருஷம், எண்ணெய் ஏகபோகங்களுக்கு வரலாறு காணாத அறுவடை! இரண்டு கம்பெனிகளின் ஒரு வருஷ லாபம் பாகிஸ்தானின் மொத்த நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு.

ஜெனிவாவில் நடந்தது

2023 ஜனவரி 9ந் தேதி ஜெனிவாவில் ஒரு மகாநாடு கூடியது. ஐ.நா. காரியதரிசி குட்டெரெஸ் வந்திருந்தார். பாகிஸ்தான் இரண்டு வகையில் பலியாகியிருக்கிறது, ஒன்று பருவநிலைக் குழப்பத்தால், மற்றொன்று தார்மிகம் கெட்ட உலக நிதி அமைப்பால் என்று அவர் சொன்னார். கம்யூனிஸ்டு அல்லாத ஒருவர் வாயிலிருந்து வந்த வார்த்தை இது. நாம் இதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டியதில்லை. மகாநாடு முடிந்ததும் 900 கோடி டாலருக்கு மேல் வாக்களிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். உலகமே கை கொடுத்தது என்று தலைப்புகள் வந்தன.

இரண்டு நாள் போகவில்லை. பாகிஸ்தான் நிதி மந்திரி இஷாக் தாரே உண்மையைப் போட்டு உடைத்தார். வாக்களித்த தொகையில் நூற்றுக்குத் தொண்ணூறு திட்டக் கடன்! அதுவும் மூன்று வருஷத்தில் வந்து சேரும் கடன். கொடுப்பவர் பட்டியலில் முன்னால் நின்றவை வளர்ச்சிப் பாங்கிகள்தான். பாங்கி கடன் கொடுக்கும், தானம் கொடுக்குமா?

வெள்ளம் வருவதற்கு முன்பே சுமார் 13,000 கோடி டாலர் அந்நியக் கடனில் அந்த நாடு தத்தளித்துக் கொண்டிருந்தது. அதன் தலையில் இன்னொரு மூட்டை ஏற்றப்பட்டது.

சிந்துவின் குடியானவனுக்கு இந்த ஏற்பாடு புதியதல்ல. அங்கே நிலமற்ற உழவனுக்கு ஹாரி என்று பெயர். நிலம் வடேரா என்ற நிலப்பிரபுவுடையது. விளைந்ததில் பாதி வாரம். விதை, உரம், கைச்செலவு, கல்யாணம், காய்ச்சல் எல்லாம் நிலப்பிரபுவின் கணக்குப் புத்தகத்தில் கடனாக ஏறும். அறுவடையன்று கழித்துப் பார்த்தால் மிச்சம் கடன்தான். பயிர் முழுகினாலும் விதைக் கடன் முழுகுவதில்லை. ஹாரிக்கு வடேரா எப்படியோ, பாகிஸ்தானுக்கு ஐ.எம்.எப். என்று சொல்லப்படும் சர்வதேச நிதி ஸ்தாபனம் அப்படி. ஒரு வித்தியாசம் உண்டு. மேலே இருக்கிற கடனையும் கடைசியில் கட்டப் போகிறவன் அந்த ஹாரிதான், வடேரா அல்ல.

எப்படி என்று கேட்கலாம். 2022 ஆகஸ்டு 29ந் தேதி, சிந்து தண்ணீரில் மிதந்து கொண்டிருந்தபோது, வாஷிங்டனில் ஐ.எம்.எப். நிர்வாகிகள் கூடி 117 கோடி டாலர் தவணைக்கு அனுமதி கொடுத்தார்கள். அதற்கான நிபந்தனைகளில் பெட்ரோல் மீது லிட்டருக்கு 50 ரூபாய் வரை படிப்படியாக லெவி ஏற்றுவதும், மின்சாரக் கட்டணத்தை உயர்த்துவதும் இருந்தன. இறைவைக்கு மோட்டார் ஓட்டுகிறவன் யார்? ரிக்ஷா ஓட்டுகிறவன் யார்?

2025 மே மாதம் இன்னொரு கடன். இந்த முறை அதற்கே "தாங்குதிறன்" கடன் என்று பெயர். பருவநிலை அதிர்ச்சிகளைத் தாங்கிக் கொள்ளும் சக்தியை உண்டாக்குவதற்காம். தொகை சுமார் 140 கோடி டாலர். அதே ஆண்டு ஜூலை முதல் பெட்ரோல், டீசல் மீது லிட்டருக்கு இரண்டரை ரூபாய் "கரிம லெவி" வந்தது; அடுத்த வருஷம் அதை இரட்டிப்பாக்குவது என்று ஏற்பாடு. விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். நூறு வருஷமாகக் கரியைக் கக்கியவன் டெக்ஸாஸில் இருக்கிறான். கரிக்கு அபராதம் கட்டுகிறவன் ஹைதராபாத் சிந்துவில் ரிக்ஷா ஓட்டுகிறான்!

"வட்டி குறைவுதானே?"

சலுகைக் கடன்தானே, வட்டி மிகக் குறைவு, சிலவற்றுக்கு வட்டியே இல்லை, இதில் என்ன சுரண்டல் என்று கேட்கிற கனவான்கள் உண்டு. அவர்கள் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கட்டும். 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்குப் பாகிஸ்தான் ரூபாய் சுமார் 177. 2023 செப்டம்பர் தொடக்கத்தில் 300க்கு மேல். ஒரு கோடி டாலர் கடன் வாங்கிய அன்று அது 177 கோடி ரூபாய். இருபது மாதத்தில் ஒரு பைசா வட்டி ஏறாமலே 300 கோடி ரூபாய். அந்த 123 கோடிக்கு என்ன பெயர் வைப்பது? வட்டி என்ற சொல் பிடிக்கவில்லையென்றால் வேறு பெயர் வைத்துக் கொள்ளட்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அது நியாயமான கேள்வி. அந்த நாட்டு ஆளும் கூட்டத்தார் யோக்கியர்களா? பணத்தை அப்படியே கொடுத்தால் ஏழைக்குப் போய்ச் சேருமா? நாம் பாகிஸ்தான் ஆளும் வர்க்கத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. வடிகாலை மறித்து நிலம் சேர்த்தவர்கள், வெள்ளம் வந்தபோது எந்தக் கரையை எந்தப் பக்கம் உடைப்பது என்பதில் செல்வாக்கைக் காட்டியவர்கள், பட்ஜெட்டில் ராணுவத்துக்கு முதல் பந்தி வைக்கிறவர்கள், இவர்களை அந்த நாட்டு உழைப்பாளி மக்கள் அறிவார்கள். ஆனால் கடன் கொடுக்கிறவன் இவர்களைத் தண்டிக்கிறானா? கடன் இவர்கள் கையில்தான் போகிறது. திருப்பிக் கட்டும் பொறுப்பு மட்டும் ஹாரி தலையில் இறங்குகிறது. ஊழலைக் காட்டி மானியத்தை மறுக்கிறவர்கள், அதே ஊழல்காரர்களுக்குக் கடன் கொடுக்கத் தயங்குவதில்லை. இது என்ன நியாயம்?

கடன் கொடுப்பவர்களின் திறமையையும் பார்த்து விடுவோம். சிந்துவில் இடதுகரை வடிகால் என்று ஒரு பெரிய கால்வாய் உண்டு. நவாப்ஷா, சாங்கர், மீர்பூர்காஸ் பகுதிகளின் உப்பு நீரையும் மழை நீரையும் பதீன் ஜில்லா வழியாகக் கடலுக்குக் கொண்டுபோவதற்காக உலக பாங்கியும் மற்றவர்களும் கடன் கொடுத்துக் கட்டியது. கடலோடு சேரும் கால்வாயைப் போட்ட விதமே தப்பு. 1998ல் சோல்ரி தடுப்பணை இடிந்தது. அடுத்த வருஷம் புயல் வந்து கரைகளை உடைத்தது. உள்ளே இருப்பதை வெளியே கொண்டுபோக வேண்டிய கால்வாயின் வழியாகக் கடல் உள்ளே வந்தது. 2003ல் பெருமழை பெய்தபோது வடிகாலே உடைத்துக் கொண்டு பதீன் கிராமங்களை முழுக்கியது. அந்த ஊர் ஜனங்கள் பாங்கியின் சொந்தப் பரிசோதனைக் குழுவிடமே மனுக் கொடுத்தார்கள். 2006ல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது: திட்டம் போட்டதில் தவறுகள் இருந்தன, அதனால் ஜனங்களுக்குத் தீங்கு நேர்ந்தது உண்மை என்று. சரி, தவறு பாங்கியின் நிபுணர்களுடையது என்று ஏற்பட்ட பிறகு கடனைத் தள்ளுபடி செய்தார்களா? இல்லை. வடிகால் உடைந்தாலும் கடன் உடையவில்லை.

நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். 2022க்குப் பிறகு சிந்துவில் 21 லட்சம் வீடுகள் கட்டும் திட்டம் நடந்து வருகிறது. வீட்டுக்கு மூன்று லட்சம் ரூபாய். மனையைப் பெண்கள் பெயரில் பதிவு செய்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வடேராவின் தரையில் குடியிருந்து, வெளியே போ என்றால் போக வேண்டியவளுக்குத் தன் பெயரில் ஒரு பட்டா! இதை அற்பமாக எண்ண மாட்டோம். ஆனால் அதற்கும் உலக பாங்கி முதலில் கொடுத்த 50 கோடி டாலர் கடன்தான். நல்ல காரியமே ஆனாலும் அதை நஷ்டப்பட்டவன் செலவிலேயே செய்கிறார்கள் என்பதுதான் நம் புகார்.

ஒரு சொல்லுக்கு நடுங்குகிறார்கள்

பாகிஸ்தான் ஒரு தனிக் கேஸ் அல்ல. 2009ல் கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள், 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்றன. 2020ல் வந்தது 8,330 கோடி என்று அவர்களுடைய கணக்கே ஒப்புக் கொள்கிறது. 2022ல்தான் அந்த எல்லையைத் தாண்டினார்கள். தாண்டிய தொகையில் சர்க்கார்களின் மூலமாக வந்த பணத்தைப் பிரித்தால் நூற்றுக்கு 69 பங்கு கடன், மானியம் 28. கடனையும் முழுத் தொகையாக எழுதி, "கொடுத்தோம்" என்று கணக்குக் காட்டுகிறார்கள். வட்டிக்கடைக்காரன் தான் கொடுத்த கடனையெல்லாம் கூட்டி, இவ்வளவு தர்மம் செய்தேன் என்று கோயில் சுவரில் கல்வெட்டு வைப்பதைப் போல!

2024 நவம்பரில் பாகு நகரில் ஏழை நாடுகள் ஆண்டுக்கு 1,30,000 கோடி டாலர் வேண்டும் என்றன. 2035க்குள் 30,000 கோடிக்கு வழி செய்வோம் என்று சம்மட்டி அடித்து முடித்து விட்டார்கள். இது வெறும் கண்கட்டு வித்தை என்று இந்தியப் பிரதிநிதி அந்தச் சபையிலேயே ஆட்சேபித்தார். அந்த ஆட்சேபணையை நாம் ஆதரிக்கிறோம். மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அந்தத் தீர்மானத்தில் பிரித்துச் சொல்லவே இல்லை.

ஏன் மானியமாகக் கொடுக்க மறுக்கிறார்கள்? பணம் இல்லாமலா? 2024ல் உலகம் ராணுவத்துக்குச் செலவழித்தது 2,70,000 கோடி டாலருக்கு மேல். 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் சர்க்கார், ராணுவச் செலவைக் கூட்டுவதற்காக அந்நிய உதவியை தேசிய வருமானத்தில் 0.5 சதவிகிதத்திலிருந்து 0.3க்கு வெட்டுவோம் என்று பகிரங்கமாகவே அறிவித்தது. பணம் இருக்கிறது. அவர்கள் அஞ்சுவது ஒரு சொல்லுக்கு. நஷ்டஈடு என்ற சொல்லுக்கு!

2015ல் பாரிஸ் ஒப்பந்தத்தில் "இழப்பும் சேதமும்" என்ற ஷரத்து நுழைந்தபோது, அது எந்தப் பொறுப்புக்கும் நஷ்டஈட்டுக்கும் ஆதாரமாகாது என்று கூடவே ஒரு தீர்மானம் எழுதி வைத்துக் கொண்டார்கள். 2022ல் எகிப்தில், பாகிஸ்தான் மந்திரி ஷெர்ரி ரஹ்மான் முன்னின்று வாதாட, ஏழை நாடுகள் ஒன்றாக நின்று இழப்பு, சேத நிதி ஒன்றை வாங்கியே விட்டன. அது உண்மையான வெற்றி. முப்பது வருஷக் கோரிக்கை அது. ஆனால் 2023ல் துபாயில் உண்டியலைத் திறந்தபோது அமெரிக்கா போட்டது எவ்வளவு தெரியுமா? 1 கோடியே 75 லட்சம் டாலர். அந்த வருஷம் ஜூலையிலேயே அமெரிக்கப் பிரதிநிதி ஜான் கெர்ரி, எந்தச் சந்தர்ப்பத்திலும் நஷ்டஈடு கொடுக்க மாட்டோம் என்று அவர்கள் காங்கிரசில் சத்தியம் செய்து விட்டுத்தான் வந்திருந்தார். 2025ல் அந்த நிதியின் நிர்வாகக் குழுவை விட்டே அமெரிக்கா எழுந்து போய் விட்டது. எல்லா நாடுகளும் சேர்ந்து அந்த உண்டியலில் போடுவதாகச் சொன்னது சுமார் 70 கோடி டாலரைச் சற்றுத் தாண்டும். பாகிஸ்தானின் ஒரு வெள்ளத்தின் நஷ்டத்தில் நாற்பதில் ஒரு பங்கு!

இந்த நிலையில் 2025 ஜூலை 23ந் தேதி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் தன் அபிப்பிராயத்தைச் சொன்னது. பருவநிலையைக் காக்கும் கடமை நாடுகளுக்குச் சட்டப்படி உண்டு; கடமையைத் தவறினால், தவறினவர்கள் பாதிக்கப்பட்ட நாடுகளுக்கு ஈடு செய்யும் பொறுப்பும் எழக்கூடும் என்று. பசிபிக் தீவுகளின் மாணவர்கள் சிலர் தொடங்கி, வனுவாட்டு என்ற குட்டி நாடு கையில் எடுத்துச் சென்ற வழக்கு இது. நீதிமன்றத்தின் அபிப்பிராயம் யாரையும் ஜப்தி செய்யாது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் பத்து வருஷத்துக்கு முன் தீர்மானம் எழுதிப் புதைத்த சொல்லை, மாணவர்கள் தோண்டி எடுத்து வைத்து விட்டார்கள்.

பாதிக்கப்படும் நாடுகளின் நிதி மந்திரிகள் 2015 முதல் ஒரு கூட்டணி வைத்திருக்கிறார்கள். இருபது நாடுகளோடு ஆரம்பித்தது, இன்று எழுபதுக்கு மேல். அவர்கள் சார்பில் மாலத்தீவின் முன்னாள் ஜனாதிபதி நஷீத் 2022ல் ஒரு வார்த்தை சொன்னார்: எங்கள் நாடுகள் கட்ட வேண்டிய 68,500 கோடி டாலர் கடனைக் கட்டுவதை நிறுத்தலாமா என்று யோசிக்கிறோம் என்றார். யோசனையோடு நின்று விட்டது. ஒரு நாடு தனியாக நிறுத்தினால் மறுநாள் எண்ணெய்க் கப்பல் வராது, மருந்து வராது. இது பயமுறுத்தல் அல்ல, இலங்கை 2022ல் கண்ட உண்மை. எழுபது நாடுகளும் ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. பார்படாஸ் பிரதமர் மியா மோட்லி கேட்பது இதைவிட மிதமானது: புயலோ வெள்ளமோ வந்தால் தவணையை இரண்டு வருஷம் நிறுத்தி வைக்கும் ஷரத்தைக் கடன் பத்திரத்திலேயே சேருங்கள் என்கிறார். வாய்தா கிடைப்பது நல்லதுதான். வாய்தா விடுதலை அல்ல.

நம் சர்க்கார் பாகுவில் பேசிய பேச்சுக்கு ஊரில் ஒரு பரீட்சை இருக்கிறது. 2022ல் வெங்காயமும் தக்காளியும் எட்டாத விலைக்குப் போனபோது, இந்தியாவிலிருந்து வாகா வழியாகக் காய்கறி வாங்கலாமா என்று பாகிஸ்தான் நிதி மந்திரியே வாய்விட்டுச் சொன்னார். 2019ல் அடைத்த கதவு திறக்கவில்லை. அதை அடைத்தது அவர்கள். திறந்து வைக்க நாமும் அவசரப்படவில்லை. 2025 ஆகஸ்டில் ரவி, சட்லெஜ், செனாப் மூன்றும் பெருகியபோது, சிந்து நதி ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தும், மனிதாபிமான முறையில் நம் தூதரகம் வழியாக வெள்ள எச்சரிக்கை அனுப்பப்பட்டது. அனுப்பியது சரி. பஞ்சாபில் இருபது லட்சம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்ட வெள்ளம் அது. அணை திறக்கும் செய்தி சண்டை சமாதானத்தைப் பொறுத்துப் போவதும் நிற்பதுமாக இருக்கக் கூடாது. தினசரி, நேரப்படி, நிரந்தரமாகப் போக வேண்டும். இதற்கு எந்தப் பாங்கியிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

2022 வெள்ளத்துக்காகக் கொடுத்த கடன் எல்லாவற்றையும் மானியமாக மாற்று என்பதுதான் பாகிஸ்தான் விவசாயிகளும் தொழிலாளிகளும் கேட்பதற்கு உரிமையுள்ள முதல் கோரிக்கை. அடுத்த பருவநிலை மகாநாட்டில் இந்தியப் பிரதிநிதி எழுந்து இதைத் தன் கோரிக்கையாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நாள் கடத்தினால் கணக்கு தானாக ஓடிக் கொண்டுதான் இருக்கும். அந்தத் "தாங்குதிறன்" கடனின் அசலைப் பத்தரை வருஷம் கழித்துத் திருப்பத் தொடங்கி, இருபதாவது வருஷத்தில் முடிக்க வேண்டும். தாது ஜில்லாவில் 2022 செப்டம்பரில் கூடாரத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் தவணையின்போது பதின்மூன்று வயது இருக்கும். கடைசித் தவணையின்போது இருபத்து மூன்றைத் தாண்டியிருக்கும்.